வயிற்றுக் கட்டிக்கு ரத்தப் புற்று மாத்திரை

2000 மார்ச். ஹெல்சின்கியில் ஐம்பது வயதுப் பெண் ஒருவருக்கு மருத்துவர் ஹெய்க்கி யோயென்சூ ஒரு மாத்திரையைக் கொடுத்தார். ரத்தப் புற்றில் ஒரு வகைக்காக அப்போது பரிசோதனையில் இருந்த மாத்திரை அது. அந்தப் பெண்ணுக்கோ வயிற்றில் தோன்றிய கட்டி கல்லீரல் வரை பரவியிருந்தது. அறுவை சிகிச்சை, கீமோ எதுவும் பலன் தரவில்லை. ஒரு மாதம் கழித்து பெட் ஸ்கேன் எடுத்தார்கள். வழக்கமாகச் சர்க்கரையை வாரி உறிஞ்சும் கட்டிகள் அதை உறிஞ்சுவதை நிறுத்தியிருந்தன.

ஜிஸ்ட் எனப்படும் இந்தப் புற்று அரிது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 10 முதல் 15 பேருக்கு வரும்; பாதிக்கு மேல் இரைப்பையில், அடுத்தபடியாகச் சிறுகுடலில். வெகுகாலம் இதைத் தசைக் கட்டி என்றே மருத்துவர்கள் எழுதிவந்தார்கள். உண்மையில் இதன் உறவு, இரைப்பையும் குடலும் எப்போது சுருங்க வேண்டும் என்று தாளம் போடும் கஹால் செல்களோடு.

அந்த உறவை 1998-ல் அம்பலப்படுத்தியது ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகக் குழு. ஹிரோட்டாவும் கிடமுராவும் ஆறு கட்டிகளில் கிட் என்ற மரபணுவைப் படித்தார்கள். ஐந்தில் பிழை!

கிட் புரதம் செல்லின் மேற்பரப்பில் காத்திருக்கும். வெளியிலிருந்து சமிக்ஞை வந்தால்தான் 'வளர்' என்று உள்ளே கட்டளை போகும். சமிக்ஞை வராதவரை அதை அடக்கிவைக்கத் தாழ்ப்பாள் போல ஒரு பகுதி உண்டு. ஜிஸ்ட்டில் பெரும்பாலும் உடைவது அதுதான். அப்புறம் யாரும் சொல்லாமலே செல் பெருகிக்கொண்டிருக்கும். இமாட்டினிப் என்ற அந்த மாத்திரை, கிட் புரதம் ஆற்றல் பெறும் இடத்தில் போய் உட்கார்ந்து அதன் வாயை அடைக்கிறது.

எல்லா ஜிஸ்ட்டும் இப்படி மசிவதில்லை. கிட்டுக்குப் பக்கத்திலேயே, நான்காம் குரோமோசோமில், பிடிஜிஎஃப்ஆர்ஏ என்றொரு மரபணு இருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து, 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'டி' வந்தால், புரதத்தின் 842-வது அமினோ அமிலம் மாறிவிடுகிறது. புரதத்தின் வடிவமும் மாறுவதால் இமாட்டினிப் அதில் பொருந்தாது. இந்தப் பிழை உள்ளவர்களுக்கு வேலை செய்யும் அவாப்ரிட்டினிப் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 2020-ல்தான். சிறுவர்களுக்கும் இளம்பெண்களுக்கும் வரும் ஜிஸ்ட் பெரும்பாலும் வேறு ரகம். அதிலும் இமாட்டினிப் அவ்வளவாக எடுபடாது.

இந்த மருந்தின் கதையில் சென்னைக்கும் இடமுண்டு. இமாட்டினிப்பின் ஒரு படிக வடிவத்துக்கு அதைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனம் காப்புரிமை கேட்டது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006-ல் அது மறுக்கப்பட்டது. வழக்கு நீண்டு, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கையை விரித்தது. மாதம் லட்ச ரூபாயைத் தாண்டிய மருந்தை இந்திய நிறுவனங்கள் சுமார் பத்தில் ஒரு பங்கு விலைக்குத் தொடர்ந்து தரும் வழி உறுதியானது. பல குடும்பங்களைக் கடனிலிருந்து காத்த தீர்ப்பு என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் பொருந்தாத மாத்திரை மலிவாகக் கிடைத்து என்ன பயன்? பயாப்ஸி அறிக்கையில் 'சிடி117 பாசிட்டிவ்' (அதாவது கிட் புரதம் இருக்கிறது) என்றிருந்தால், கட்டி பெரும்பாலும் ஜிஸ்ட் என்றுதான் பொருள். பிழை எந்த மரபணுவில் என்பதை அது சொல்லாது. மாத்திரையைத் தொடங்குமுன் மரபணுப் பரிசோதனை செய்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.