ஜிமேட் தேர்வின் மொழித்திறன் பகுதி: பணியில் இருந்தபடியே மதிப்பெண்ணை உயர்த்தும் முறை

ஜிமேட் என்பது பல நாடுகளில் உள்ள மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள் முதுநிலைப் படிப்புக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கருத்தில் கொள்ளும் நுழைவுத் தேர்வு ஆகும். கிராஜுவேட் மேனேஜ்மென்ட் அட்மிஷன் கவுன்சில் என்னும் அமெரிக்க அமைப்பு இதனை நடத்துகிறது. 1954இல் முதன்முதலாக நடத்தப்பட்ட இத்தேர்வு, 1997 முதல் கணினி வழியாக நடைபெறுகிறது. இந்தியாவில் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ், அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் ஓராண்டுப் படிப்பு முதலியவை இதன் மதிப்பெண்ணை ஏற்கின்றன. இத்தகைய படிப்புகள் பணி அனுபவம் உள்ளவர்களுக்கானவை. ஆகவே இத்தேர்வை எழுதுவோரில் பலர் அலுவலகம் சென்று வந்து, எஞ்சிய நேரத்தில் படிப்பவர்கள்.

பொறியியலோ கணக்கியலோ படித்து வேலைக்குச் சென்ற தமிழ் மாணவர் பலருக்குக் கணக்கு வினாக்கள் அவ்வளவாக அச்சம் தருவதில்லை. வெர்பல் எனப்படும் மொழித்திறன் பகுதியில்தான் தயக்கம் எழுகிறது. 'ஆங்கில வழியில் படிக்கவில்லையே, இனி எப்படி முடியும்?' என்று எண்ணிச் சிலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகின்றனர். இப்பகுதி உண்மையில் எதைச் சோதிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தத் தயக்கத்தில் பெரும்பகுதி நீங்கும்.

பகுதியின் அமைப்பு

தேர்வின் மொத்த நேரம் 2 மணி 15 நிமிடம். கணக்கு, மொழித்திறன், தரவு நுண்ணறிவு என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். எந்தப் பகுதியை முதலில் எழுதுவது என்பதைத் தேர்வரே முடிவு செய்யலாம். ஒவ்வொரு பகுதிக்கும் 60 முதல் 90 வரை மதிப்பெண் வழங்கப்படும். மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை அமையும். மூன்று பகுதிகளுக்கும் சம மதிப்பு உண்டு. கணக்கில் வல்லவரான ஒருவர் மொழித்திறனைக் கைவிட்டால் மொத்த மதிப்பெண் தாழ்வதற்கு இதுவே காரணம்.

மொழித்திறன் பகுதியில் 23 வினாக்கள். அவை இரண்டு வகைப்படும். ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் எனப்படும் வாசித்துப் புரிதல் முதல் வகை. இதில் ஒரு கட்டுரைப் பகுதியைத் தந்து அதன்மீது சில வினாக்கள் கேட்கப்படும். கிரிட்டிக்கல் ரீசனிங் எனப்படும் தருக்க ஆய்வு இரண்டாம் வகை; ஒரு சிறு வாதத்தைத் தந்து, அதை வலுப்படுத்துவது எது, பலவீனப்படுத்துவது எது, அதில் சொல்லாமல் விடப்பட்ட அனுமானம் எது என்பன போன்ற வினாக்கள் வரும்.

பழைய நூல்களால் வரும் இழப்பு

சென்டென்ஸ் கரெக்‌ஷன் எனப்படும் வாக்கியத் திருத்த வினாக்கள் முன்பு இப்பகுதியில் பெரும் இடம் பெற்றிருந்தன. ஆங்கில இலக்கண விதிகளை நுட்பமாக அறிந்தவர்களுக்கே அவை எளிதாக இருந்தன. 2023 நவம்பரில் தேர்வின் புதிய வடிவம் அறிமுகமானபோது இந்த வகை நீக்கப்பட்டது. பழைய வடிவம் 2024 ஜனவரியுடன் முடிவுக்கு வந்தது.

பழைய புத்தகக் கடைகளிலும் நண்பர்களிடமும் கிடைக்கும் நூல்கள் பல இந்த மாற்றத்துக்கு முற்பட்டவை. அவற்றை வைத்துப் படிப்பவர் தேர்வில் வராத இலக்கணப் பயிற்சிக்காக மாதக்கணக்கில் இரவு நேரத்தைச் செலவிட நேரிடும். நாளுக்கு ஒரு மணி நேரமே கிடைக்கும் ஒருவருக்கு இது பெரிய இழப்பு. நூல் வாங்குமுன் அது 2023 மாற்றத்துக்குப் பின் வெளியான பதிப்புதானா என்று பார்க்க வேண்டும். பழைய நூல் கையில் இருந்தால் அதிலுள்ள வாசித்துப் புரிதல், தருக்க ஆய்வு வினாக்களை மட்டும் பயன்படுத்தலாம். கடினச் சொற்பட்டியல்களை மனப்பாடம் செய்வதும் தேவையற்றது; சொற்பொருளை மட்டும் தனியாகக் கேட்கும் வினா இத்தேர்வில் இல்லை.

தருக்க ஆய்வு: ஓர் எடுத்துக்காட்டு

தருக்க ஆய்வு எந்த மொழியிலும் பயிலக்கூடிய திறன். கீழ்வரும் வாதத்தைக் காண்க.

'ஒரு நகரப் பேருந்து நிறுவனம் சென்ற ஆண்டு கட்டணத்தைக் குறைத்தது. அதே ஆண்டில் பயணிகளின் எண்ணிக்கை கூடியது. எனவே கட்டணக் குறைப்பே பயணிகள் கூடியதற்குக் காரணம்.'

இவ்வாதத்தை மிகவும் பலவீனப்படுத்துவது எது?

(அ) கட்டணக் குறைப்புக்குப் பின் நிறுவனத்தின் வருவாய் குறைந்தது.
(ஆ) கட்டணம் குறைக்கப்படாத பக்கத்து நகரங்களிலும் அதே அளவுக்குப் பயணிகள் கூடினர்.
(இ) குறைந்த கட்டணத்தைப் பயணிகள் பலர் வரவேற்றனர்.

விடை (ஆ). கட்டணம் குறையாத இடத்திலும் பயணிகள் கூடினார்கள் என்றால், பெட்ரோல் விலை உயர்வு போன்ற வேறொரு காரணம் இருந்திருக்கலாம். (அ) வருவாயைப் பற்றிப் பேசுகிறது. வாதமோ பயணிகளின் எண்ணிக்கையைப் பற்றியது. (இ) வாதத்துக்குத் துணை செய்கிறது. அவசரத்தில் படிப்பவர் 'வருவாய் குறைந்தது' என்ற கெட்ட செய்தியைக் கண்டதும் அதுவே பலவீனம் என்று எண்ணி (அ)வைத் தேர்ந்தெடுப்பார். இத்தகைய கண்ணிகள் இத்தேர்வில் மீண்டும் மீண்டும் வரும்.

இதிலிருந்து ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளலாம். விடைகளைப் பார்க்குமுன், வாதத்தின் முடிவு எது, அதற்குக் காட்டப்படும் ஆதாரம் எது, இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி எது என்று மூன்றையும் மனத்துக்குள் சொல்லிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் இதைத் தமிழிலேயே சொல்லிப் பார்ப்பதில் தவறில்லை. அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் முன்வைக்கும் கருத்தையும், நாளிதழ்த் தலையங்கத்தையும் இவ்வாறே பிரித்துப் பார்ப்பது செலவில்லாத பயிற்சி.

சிறு சொற்களின் பெரிய வேலை

தேர்வர் பிழை செய்யும் இடங்கள் பெரும்பாலும் கடினச் சொற்கள் அல்ல. எளிய இணைப்புச் சொற்கள். 'மழை பெய்தால் ஏரி நிரம்பும்', 'மழை பெய்தால்தான் ஏரி நிரம்பும்' என்னும் இரண்டு தொடர்களுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் அறிந்த எவரும் உணர்வர். முதல் தொடர், மழை வந்தால் ஏரி நிச்சயம் நிரம்பும் என்கிறது. இரண்டாவது, மழையின்றி ஏரி நிரம்பாது என்று மட்டும் சொல்கிறது. மழை வந்தும் கரை உடைந்திருந்தால் ஏரி நிரம்பாமல் போகலாம். ஆங்கிலத்தில் 'இஃப்', 'ஒன்லி இஃப்' என்பவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு இதுவே. 'அன்லெஸ்' என்று வருமிடத்தில் 'பெய்யாவிட்டால்' என்பது போன்ற எதிர்மறை நிபந்தனையை வைத்துப் படித்தால் பொருள் தெளிவாகும். 'சம்', 'மோஸ்ட்', 'ஆல்' ஆகிய அளவுச் சொற்களையும் விரல் வைத்துப் படிப்பது போலக் கவனிக்க வேண்டும்.

வாக்கிய அமைப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. 'மூன்று மாநிலங்களில் கிளைகள் கொண்ட, சென்ற ஆண்டு நட்டமடைந்த நிறுவனம் மூடப்பட்டது' என்று தமிழில் அடைகள் பெயருக்கு முன்னே வரும். பெயரும் வினையும் அருகருகே நிற்கும். ஆங்கிலத்தில் நிறுவனம் முதலில் வந்துவிடும். அதன் அடைகள் பின்தொடரும். 'மூடப்பட்டது' என்னும் வினை வெகுதூரம் தள்ளி வரும். நீண்ட வாக்கியத்தில் தமிழ் மாணவர் வழி தவறுவது இங்கேதான். யார், என்ன செய்தார் என்னும் இரண்டை மட்டும் முதலில் கண்டுபிடித்து, அடைகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளும் பழக்கம் இதற்கு மருந்தாகும். நாளொன்றுக்கு ஐந்து நீண்ட வாக்கியங்களில் எழுவாயையும் முற்றுவினையையும் அடிக்கோடிட்டு வந்தால் சில வாரங்களில் வேகம் தானே வரும்.

வாசித்துப் புரிதல்

கட்டுரைப் பகுதிகள் அறிவியல், வரலாறு, வணிகம் முதலிய துறைகளிலிருந்து வரும். அத்துறை அறிவு தேவையில்லை. விடைக்கு வேண்டியது முழுவதும் பகுதியிலேயே இருக்கும். தனக்கு முன்பே தெரிந்ததை விடையில் சேர்ப்பது தவறுக்கு வழி.

முதல் வாசிப்பில் விவரங்களை நினைவில் வைக்க முயல வேண்டாம். ஒவ்வொரு பத்தியும் எதற்காக வந்துள்ளது என்பதை ஒரு வரியில் குறித்துக்கொண்டால் போதும்: 'பழைய கொள்கை', 'அதற்கு மறுப்பு', 'ஆசிரியரின் சமரசம்' என்பது போல. 'ஹவெவர்', 'ஆல்தோ' போன்ற சொற்கள் வருமிடத்தில் கருத்து திரும்புகிறது. வினாக்களும் அங்கிருந்து வருவது வழக்கம்.

உய்த்துணர்வு வினாக்களில் மிகைப்படுத்தப்பட்ட விடையே கண்ணி. 'சில ஆலைகளில் புதிய தறியால் உற்பத்தி கூடியது' என்று பகுதி சொல்வதாகக் கொள்வோம். 'புதிய தறி எந்த ஆலையிலும் உற்பத்தியைக் கூட்டும்' என்பது கவர்ச்சியான விடை, ஆனால் தவறு. 'புதிய தறி எல்லா ஆலைகளிலும் பயனற்றுப் போய்விடவில்லை' என்பது சாதாரணமாகத் தோன்றும், அதுவே சரி. ஆதாரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே விடை ஏற்றலாம்.

பிழை ஏடு

பணியில் இருப்பவர் பெரும்பாலும் செய்யும் தவறு, கிடைத்த நேரம் முழுவதையும் புதிய வினாக்களுக்கே செலவிடுவது. 20 வினா எழுதி, 12 சரி என்று பார்த்துவிட்டு அடுத்த 20க்குப் போனால், தவறான 8 வினாக்கள் கற்பிக்க வேண்டியதைக் கற்பிக்காமலே போய்விடும். ஒரு மாதம் கழித்தும் அதே வகைத் தவறே நிகழும்.

இதற்காக ஒரு தனி ஏடு வைத்துக்கொள்ள வேண்டும். தவறான ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு குறிப்புகள்: வினாவின் வகை, தவறான விடை ஏன் சரியெனத் தோன்றியது, அது ஏன் தவறு, சரியான விடையை உறுதிசெய்யும் வரி எது. ஊகித்துச் சரியாக வந்த வினாவையும் இதில் சேர்க்க வேண்டும். விளக்கத்தைப் படிக்குமுன் அந்த வினாவை நேரக் கட்டுப்பாடின்றி இன்னொரு முறை முயன்று பார்ப்பது நன்று. இரண்டாம் முறை சரியாக வந்தால் சிக்கல் வேகத்தில் உள்ளது. அப்போதும் தவறினால் சிக்கல் புரிதலில் உள்ளது. இரண்டுக்கும் மருந்து வேறு.

மூன்று வாரம் சென்றபின் ஏட்டைப் புரட்டினால், ஒருவருடைய தவறுகளிற் பெரும்பாலானவை இரண்டு மூன்று வகைகளுக்குள் அடங்குவது தெரியவரும். அந்த இரண்டு மூன்றைத் திருத்துவதற்கு நாள் முழுதும் ஓய்வு தேவையில்லை.

வேலை நாட்களில் நேரம்

வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்னும் எண்ணம் பலருக்கும் வரும். பணி அனுபவத்தையே எதிர்பார்க்கும் படிப்புக்காக வேலையை விடுவது பொருத்தமன்று. குடும்பத்தின் வருமானமும் அதனால் தடைபடும். வார நாட்கள் ஐந்திலும் நாளுக்கு ஒரு மணி நேரம், விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் என்று வைத்தால் வாரத்துக்கு 8 மணி நேரம் கிடைக்கும். 12 வாரங்களில் அது 96 மணி நேரமாகும். கணக்கு, தரவு நுண்ணறிவுப் பகுதிகளுக்கும் பங்கு தர வேண்டியிருந்தால் வாரங்களைக் கூட்டிக்கொள்ளலாம்.

களைத்த மூளைக்குத் தருக்க ஆய்வு எளிதில் வசப்படாது. இயன்றவர்கள் காலையில் அலுவலகம் செல்லுமுன் புதிய வினாக்களை எழுதி, இரவில் பிழை ஏட்டை மட்டும் பார்ப்பது நன்று. இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் தூங்கி எழுந்தபின் வரும் முதல் மணி நேரத்தைத் தங்கள் காலையாகக் கொள்ளலாம். பேருந்திலும் மின்சார ரயிலிலும் நின்றுகொண்டு புதிய வினாக்களோடு போராடுவதைவிட, ஆங்கில நாளிதழின் ஒரு தலையங்கத்தையோ ஏட்டின் ஒரு பக்கத்தையோ படிப்பது பயன்தரும். வேலைப் பளுவால் ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகப் படிக்க முயலாமல் வழக்கமான அளவையே தொடர வேண்டும்.

தேர்வை நடத்தும் அமைப்பு எம்பிஏ.காம் தளத்தில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. ஒன்றைத் தொடக்கத்திலும் மற்றொன்றைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பும் எழுதலாம். உண்மைத் தேர்வு நடைபெறும் அதே வேளையில் எழுதுவது சிறந்தது.

தேர்வு நேரத்தில்

45 நிமிடத்தில் 23 வினா என்பது ஒரு வினாவுக்கு ஏறத்தாழ 2 நிமிடம். 15 நிமிடம் முடியும்போது ஏறத்தாழ 8 வினாவும், 30 நிமிடத்தில் 15 வினாவும் முடிந்திருந்தால் வேகம் சரியாக உள்ளது. தேர்வரின் விடைகளுக்கேற்ப வினாக்களின் கடினம் மாறும். ஆகவே கடினமான வினாக்கள் வருவதைக் கண்டு மனம் தளர வேண்டாம். ஐயமுள்ள வினாக்களைக் குறித்துவைத்து, பகுதியின் முடிவில் நேரம் எஞ்சினால் 3 விடைகள் வரை மாற்றிக்கொள்ளலாம். ஒரே வினாவில் 4 நிமிடம் சிக்கிக்கொள்வதைவிட, ஒரு விடையைத் தேர்ந்தெடுத்துக் குறித்துவிட்டு நகர்வதே நன்று. வினாக்களை எழுதாமல் விட்டால் மதிப்பெண் குறையும்.

மறுமுறை எழுதுதல்

எதிர்பார்த்த மதிப்பெண் வராவிட்டால் 16 நாட்களுக்குப் பின் மீண்டும் எழுதலாம். 12 மாதங்களில் 5 முறை வரை வாய்ப்பு உண்டு. மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும். எனினும் தேர்வுக் கட்டணம் பல்லாயிரம் ரூபாய் என்பதால், உடனே அடுத்த நாளைக் குறித்துவிடுவது முறையன்று. பிழை ஏட்டில் மிகுதியாக இருந்த தவறு வகை எது, அது இப்போது குறைந்துள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது குறைந்திருந்தால் மறுமுறை எழுதுவதில் பொருளுண்டு. குறையவில்லை என்றால் இன்னும் சில வாரம் அந்த ஒன்றில் மட்டும் உழைத்துவிட்டு, அதன்பின் கட்டணம் செலுத்துவதே சிக்கனமான வழி.