பழைய விளையாட்டும் புதிய பெட்டியும்

ஆய கலைகள் அறுபத்து நான்கு என்று முன்னோர் எண்ணி வைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி அவ்வரிசையின் கடைசியில் ஒன்றைக் கூட்டிவிட்டுச் சென்றிருக்கிறது. அதுவே வீடியோ விளையாட்டு. பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் ஒன்றைக் கலையென்று சொல்வதா எனப் பெரியவர்கள் சிலர் வினவக்கூடும். வினவட்டும். ஓவியமும் இசையும் கதையும் கணக்கும் ஓரிடத்தில் கூடி, காண்பவனின் கைவிரலுக்குக் கட்டுப்பட்டு இயங்கும் படைப்பு வடிவம் வேறொன்று அதற்கு முன் இருந்ததாக நாம் அறியோம். அக்கலையின் தொடக்கக் காலப் படைப்புகள் இன்று நாற்பதாண்டைக் கடந்துவிட்டன. 1980இல் தோன்றிய பேக்மேன், 1985இல் தோன்றிய சூப்பர் மாரியோ பிரதர்ஸ் போன்றவற்றை அத்துறை அறிந்தோர் செவ்வியல் படைப்புகள் என்றே வழங்குகின்றனர். இவற்றை இன்றைய கருவிகளில் இணையம் வழியே பதிவிறக்கி ஆடுவதில் உள்ள இன்பம் யாது, இடர் யாது என்பதை ஈண்டு காண்போம்.

முதலில் பழைய முறையை நினைவுகூர்தல் நலம். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ஃபேமிகாம் என்னும் கருவியை வெளியிட்டது. அதுவே 1985இல் என்.இ.எஸ். என்ற பெயருடன் அமெரிக்காவுக்குச் சென்றது. விளையாட்டு ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், சில்லில் பதிக்கப்பட்டுத் தனியே விற்கப்பட்டது. 1990களில் நம் கடைத்தெருக்களில் விற்ற வீடியோ கேம் பெட்டிகள் பெரும்பாலும் இக்கருவியின் நகல்களே. நம் பிள்ளைகள் 'கேசட்' என்று சொன்னது அந்த உறையைத்தான். படம் தெரியாவிட்டால் கேசட்டை உருவி, வாயால் ஊதி, மீண்டும் செருகும் வழக்கம் கடல் கடந்த நாடுகளிலும் இருந்தது என்பது ஒரு வேடிக்கை. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதைப்போல் ஐம்பது மடங்கு இடங்கொள்ளும். குறளின் சுருக்கத்தைப் போற்றும் நமக்கு இச்சிக்கனத்தின் அருமை எளிதில் விளங்கும். மற்றொன்று: கேசட்டை வாங்கியவன் அதற்கு உடையவன் ஆனான். நண்பனுக்கு இரவல் தந்தான், சலித்தபோது விற்றான், தம்பிக்கு விட்டுச் சென்றான். எவர் இசைவும் அவனுக்குத் தேவைப்படவில்லை. இதனை வாசகர் மனத்திற்கொள்க.

2006ஆம் ஆண்டின் இறுதியில் நின்டெண்டோ 'வீ' என்னும் கருவியை வெளியிட்டபோது, அதனுள் ஓர் இணையக் கடையும் இருந்தது. 'வர்ச்சுவல் கன்சோல்' எனப் பெயரிடப்பட்ட பிரிவில் பழைய விளையாட்டுகள் அடுக்கப்பட்டன. அமெரிக்காவில் என்.இ.எஸ். விளையாட்டு ஒன்று 5 டாலர். அதற்கடுத்த தலைமுறையான சூப்பர் என்.இ.எஸ். விளையாட்டு 8 டாலர். நின்டெண்டோ 64 விளையாட்டு 10 டாலர். நின்டெண்டோவுக்குப் பகையாய் நின்ற சேகா நிறுவனத்தின் படைப்புகளும் அதே கடையில் கிடைத்தன. 1990களில் பள்ளி வாசலில் எது சிறந்ததென்று சண்டையிட்ட சிறுவர்களுக்கு இது கனவிலும் காணாத காட்சி.

பழைய சில்லுக்கென எழுதப்பட்ட நிரல் புதிய கருவியில் எவ்வாறு இயங்குகிறது என்னும் ஐயம் எழலாம். அதற்கென எமுலேட்டர் என்றொரு மென்பொருள் உண்டு. மேடையில் தலைவர் ஒருவரின் குரலைப் பலகுரல் கலைஞர் எடுத்துப் பேசுவது போல, இம்மென்பொருள் பழைய கருவியின் பேச்சையும் நடையையும் அப்படியே நடிக்கிறது. உள்ளே இயங்கும் விளையாட்டோ, தான் இன்னும் 1985ஆம் ஆண்டுப் பெட்டிக்குள்தான் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது!

இக்கடையின் கவர்ச்சி இளமை நினைவு மட்டுமன்று. ஒரு காலத்தில் தமக்கு எட்டாதிருந்தவை பலருக்கு முதன்முறையாக எட்டின. 2000ஆம் ஆண்டில் ஜப்பானில் மட்டும் வெளியான 'சின் அண்ட் பனிஷ்மென்ட்' 2007இல் இக்கடையின் வழியாகவே மேலை நாடுகளை அடைந்தது. 'எர்த்பவுண்ட்' என்னும் படைப்பு 1995இல் அமெரிக்காவில் விலைபோகாமல் தேங்கியது, ஐரோப்பாவுக்கோ வரவேயில்லை. பிற்காலத்தில் அதன் பெருமை உணர்ந்தோர் பழைய கேசட்டுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்தனர். 2013இல் வீ யூ கருவியின் கடையில் அது பத்து டாலர் அளவில் கிடைத்தபோது ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பு முடிந்ததென மகிழ்ந்தனர். இன்றைய பெருவிளையாட்டு ஒன்றை முடிக்க ஐம்பது மணி நேரம் வேண்டும். பழையதை மாலைத் தேநீருக்கும் இரவுணவுக்கும் இடையில் ஆடி முடித்துவிடலாம், திறமை இருந்தால்.

இனி இடர்களுக்கு வருவோம். சிறியவை பல. கடையில் பணத்தை நேரே செலுத்த இயலவில்லை. ஆயிரம், இரண்டாயிரம் என்ற கட்டுகளாகப் புள்ளிகளை வாங்கிச் செலவிட வேண்டியிருந்தது. 800 புள்ளிப் பொருளை வாங்கியவனிடம் 200 புள்ளி எதற்கும் உதவாமல் கிடந்தது. வீ கருவியின் சேமிப்பிடமோ 512 மெகாபைட் மட்டுமே. ஒன்றைப் பதிவிறக்க மற்றொன்றை அழிக்கும் நிலை 2009 வரை நீடித்தது. ஐரோப்பியர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அங்குப் பழைய தொலைக்காட்சி நொடிக்கு 50 முறை படம் மாற்றியது; ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60 முறை. அதற்கேற்பத் திருத்தப்படாத விளையாட்டுகள் ஐரோப்பாவில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின, இசையும் இழுத்தது. புதிய தொலைக்காட்சிகள் இக்குறை தீர்ந்தவையாயினும் வீ கடையில் ஐரோப்பியருக்குக் கிடைத்த பல விளையாட்டுகள் அந்தப் பழைய மெதுநடைப் படிகளே.

திரையும் மாறிவிட்டது. பழைய குழாய்த் தொலைக்காட்சி வந்த குறியீட்டை உடனுக்குடன் வரி வரியாக வரைந்தது. இன்றைய தட்டைத் திரை படத்தை வாங்கி, மெருகேற்றிப் பின்னரே காட்டுகிறது. பொத்தானை அழுத்துவதற்கும் மாரியோ தாவுவதற்கும் இடையே கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைந்த தாமதம் புகுந்துவிடுகிறது. அத்தாமதத்தில் அவன் பள்ளத்தில் விழுகிறான். குழாய்த் திரையின் ஒளியை உணர்ந்து செயற்பட்ட 'டக் ஹன்ட்' துப்பாக்கி தட்டைத் திரையின் முன் வெறும் பொம்மை.

தமிழ் மாணவர்க்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. சுவடிக்குச் சுவடி பாடபேதம் காணப்படுவது போல இங்கும் பாடபேதம் காணலாம். 1998இல் வெளியான 'செல்டா: ஒகரினா ஆஃப் டைம்' 2021இல் ஸ்விட்ச் கருவிக்கு வந்தபோது, நீர்க்கோயிலின் ஓர் அறையில் பரவியிருந்த மூடுபனி காணாமற் போயிற்று. தலைவன் தன் நிழலோடு தானே பொருதும் அறை அது; பனியில்லாமல் அச்சமில்லை. ஆட்டக்காரர்கள் மூலத்தையும் புதுப்பதிப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுக் குறை கூற, மறு ஆண்டில் நிறுவனம் திருத்தம் செய்தது. நல்ல பதிப்பாசிரியர்கள்!

பேதத்திற்குக் காரணம் எப்போதும் கவனக்குறைவாக இருப்பதில்லை, உரிமையும் காரணமாகும். 1999இன் 'கிரேஸி டாக்ஸி' 2010இல் மறுபடி விற்பனைக்கு வந்தபோது, அதன் உயிர்நாடியான ராக் பாடல்கள் இல்லை. பயணிகள் இறங்கிய புகழ்பெற்ற உணவகங்களின் பெயர்களும் இல்லை. 'நின்ஜா டர்ட்டில்ஸ்' விளையாட்டு உரிம ஒப்பந்தம் முடிந்தமையால் 2012இல் வீ கடையிலிருந்தே நீக்கப்பட்டது. 1997இன் 'கோல்டன் ஐ' நின்டெண்டோ, மைக்ரோசாஃப்ட், ஜேம்ஸ் பாண்ட் உரிமையாளர்கள் என்னும் முத்தரப்பாரும் ஒருங்கே இசையாமையால் 2023 வரை வெளிவரவில்லை.

இவையனைத்தையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க இயலாதது ஒன்றே. பதிவிறக்கியவன் வாங்குவது விளையாட்டை அன்று. ஆடுவதற்கான இசைவை மட்டுமே. வீ கருவியில் வாங்கியவை அந்தக் கருவியோடு பிணைக்கப்பட்டன. இரவல் தரவோ விற்கவோ வழியில்லை. அடுத்த கருவியான வீ யூவுக்கு அவற்றைக் கொண்டு செல்ல இரண்டு கருவிகளும் ஒருசேரக் கையில் இருத்தல் வேண்டும். புதிய வசதிகளோடு ஆட விரும்பினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலரோ ஒன்றரை டாலரோ மீண்டும் தர வேண்டியிருந்தது. 2017இல் வந்த ஸ்விட்ச் கருவியிலோ அப்பழைய வாங்குதல்கள் செல்லாக்காசாயின. 2018 முதல் சந்தா முறை வந்தது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 20 டாலர். நின்டெண்டோ 64 விளையாட்டுகளும் வேண்டுமெனில் 50 டாலர். சந்தா நின்றால் விளையாட்டும் நின்றுவிடும். ஒரே மாரியோவை ஒருவன் கேசட்டாகவும் வீயிலும் வீ யூவிலும் வாங்கிப் பின்னர் சந்தாவும் கட்டுகிறான். நான்கு முறை விலை கொடுத்தவனிடம் இறுதியில் எஞ்சுவது அந்தக் கேசட் ஒன்றே.

கடைகளும் மூடப்படுகின்றன. வீ கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. வீ யூ, 3டிஎஸ் கடைகளில் 2023 மார்ச் 27உடன் விற்பனை நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் முடிந்தது. பிளேஸ்டேஷன் 3, வீட்டா ஆகியவற்றின் கடைகளை மூடப்போவதாக 2021இல் அறிவித்த சோனி நிறுவனம், எழுந்த எதிர்ப்பைக் கண்டு சில வாரங்களில் அம்முடிவைக் கைவிட்டது. பழைய கடையைப் பாதுகாப்போடு நடத்தச் செலவுண்டு, வாங்குவோர் குறைவு என்பது நிறுவனங்களின் பக்க நியாயம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் 'சூப்பர் மாரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ்' தொகுப்பை 2020 செப்டம்பரில் வெளியிட்டு, நன்கு விற்றுக்கொண்டிருந்தபோதே 2021 மார்ச் 31உடன் விலக்கிக்கொண்டமைக்கு எந்தச் செலவைக் காரணம் காட்ட இயலும்? தட்டுப்பாட்டைத் தாமே உண்டாக்கும் வணிகத் தந்திரமாகவே அது நமக்குத் தோன்றுகிறது.

இதன் விளைவை 2023இல் வெளியான ஆய்வொன்று எண்ணிக் காட்டியது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு நடத்திய அவ்வாய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று முறையாக வாங்கக் கிடைப்பதில்லை. ஏட்டுச்சுவடிகள் செல்லரித்து அழிந்த கதை நாம் அறிந்ததே. அவற்றுள் பிழைத்தவை பிழைத்தமைக்குக் காரணம், அழியுமுன் எவரோ ஒருவர் படியெடுத்து வைத்ததுதான். படியெடுத்தவரை எவரும் தடுக்கவில்லை. இங்கோ படியெடுத்தற்கே பூட்டு. பூட்டை உடைத்தல் அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நூலகங்கள் விற்பனையில் இல்லாத பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே பயன்படுத்தத் தர விலக்களிக்குமாறு கோரியபோது, அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது. அவ்வாறு தந்தால் அவை பொழுதுபோக்குக்காக ஆடப்படக்கூடும் என்பது சொல்லப்பட்ட தடைகளுள் ஒன்று. விளையாட்டை ஆடிவிடுவார்களே என்னும் அச்சம்! புதினத்தைப் படித்துவிடுவார்களே என்று எந்த நூலகமும் அஞ்சியதாக நாம் கேள்வியுற்றதில்லை.

சிறு மாற்றம் ஒன்று கலிஃபோர்னியாவில் நிகழ்ந்துள்ளது. 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, கடைக்காரர் தாம் விற்பது உரிமமாயின் அதனை வாங்குவோர்க்குத் தெளிவாக அறிவித்தல் வேண்டும் என்கிறது. அறிவிப்பினால் உடைமை வந்துவிடாது; வாங்குபவன் எதை வாங்குகிறான் என்பதையேனும் அறிந்து வாங்குவான். மூடப்பட்ட கடைகளில் முன்னரே வாங்கியவர்கள் தம் விளையாட்டுகளை மீளப் பதிவிறக்க நின்டெண்டோ இடமளித்து வருகிறது. 2022இல் வீ கடையின் அவ்வசதி மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்து பின்னர் உயிர்பெற்றது. அது எந்நாள் வரை என்று நிறுவனம் நாள் குறிக்கவில்லை.