இருப்புப்பாதை மாற்றி

இருப்புப்பாதை மாற்றி என்பது தொடருந்தை ஒரு பாதையிலிருந்து பிரிந்து செல்லும் மற்றொரு பாதைக்குத் திருப்பிவிடும் அமைப்பு ஆகும். தொடருந்தை ஓட்டுநர் திருப்ப இயலாது. அது செல்லும் திசையைப் பாதையே தீர்மானிக்கின்றது. இந்தியாவில் இவ்வமைப்பின் நகரும் பகுதி பேச்சு வழக்கில் "பாயிண்ட்" எனப்படுகின்றது.

அமைப்பு

பாதை பிரியத் தொடங்கும் இடத்தில் நுனி மெலிந்த இரண்டு நாக்குத் தண்டவாளங்கள் உள்ளன. இவை ஒன்றாக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று தன் அருகிலுள்ள நிலையான தண்டவாளத்துடன் ஒட்டும்போது மற்றது விலகி நிற்கும். சற்றுத் தள்ளி, ஒரு பாதையின் தண்டவாளம் மற்றதன் தண்டவாளத்தை வெட்டும் இடம் "கிராசிங்" ஆகும். சக்கர விளிம்பு கடந்து செல்ல அங்கே ஓர் இடைவெளி விடப்படுகின்றது. அவ்விடத்தில் சக்கரம் தவறான பக்கம் நுழையாதவாறு, எதிர்ப்புறத் தண்டவாளத்தை ஒட்டி அமைந்த காப்புத் தண்டவாளம் அதே அச்சின் மறு சக்கரத்தைப் பிடித்து வைக்கின்றது.

கோணமும் வேகமும்

கிராசிங்கின் கோணம் பாகையில் அன்றி விகிதமாகவே குறிக்கப்படுகின்றது. 1:12 எனில், 12 மீட்டர் நீளத்துக்கு இரு தண்டவாளங்களும் 1 மீட்டர் விலகுகின்றன. இது ஏறத்தாழ 4.76 பாகை. 1:8.5 எனில் ஏறத்தாழ 6.7 பாகை. இந்திய அகலப்பாதையில் இவ்விரண்டும் பரவலாக உள்ளன. 1:12 மாற்றியின் வளைவு ஆரம் 441 மீட்டர், 1:8.5 மாற்றியில் அது 232 மீட்டர் மட்டுமே.

சாதாரண வளைவுகளில் வெளித் தண்டவாளம் சற்று உயர்த்தப்படும். மாற்றியிலோ நேர்பாதையும் கிளைப்பாதையும் ஒரே சிலீப்பர்களின் மீது கிடப்பதால், ஒன்றுக்காக உயர்த்தினால் மற்றது சாய்ந்துவிடும். எனவே பக்கவாட்டு விசை முழுவதையும் தண்டவாளமே தாங்க வேண்டியுள்ளது. வேகம் இரு மடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகும். 1:12 மாற்றியில் கிளைப்பாதைக்குத் திரும்பும் வண்டிகளுக்குப் பொதுவாக மணிக்கு 30 கி.மீ. அனுமதிக்கப்படுவது இதனாலேயே. நேராகச் செல்லும் வண்டிக்கு இக்கட்டுப்பாடு இல்லை. கோணத்தைக் குறைத்தால் வேகத்தைக் கூட்டலாம். ஆனால் மாற்றியின் நீளமும் கூடும். 1:12 மாற்றியே ஏறத்தாழ 40 மீட்டர் நீளமுடையது. நிலையங்களில் அவ்வளவு இடம் எளிதில் கிடைப்பதில்லை. பிரான்சின் அதிவேகப் பாதைகளில் 1:65 மாற்றிகளும் உள்ளன.

பாலசோர் விபத்து

2023 சூன் 2 அன்று ஒடிசாவின் பகநாகா பசார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவுவண்டிக்கு நேர்பாதையில் செல்லப் பச்சை விளக்கு காட்டப்பட்டது. பாயிண்ட்டோ கிளைப்பாதைக்குத் திருப்பப்பட்டிருந்தது. மணிக்கு ஏறத்தாழ 128 கி.மீ. வேகத்தில் கிளைப்பாதையில் நுழைந்த வண்டி, அங்கு நின்ற சரக்கு வண்டியின் மீது மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாற்றியின் வடிவமைப்பு இதற்குக் காரணமன்று; சைகை மின்சுற்றில் செய்யப்பட்ட மாற்றங்களில் நேர்ந்த பிழையே காரணம் என இரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணையில் கண்டறியப்பட்டது.