'ஹார்ட்' தெரியும், 'ஹார்ட்லி' தெரியுமா?

கம்ப்யூட்டர் வாங்கியதும் நம்மில் பலர் முதலில் தயாரிப்பது பயோடேட்டாவும் வேலைக்கான விண்ணப்பக் கடிதமும்தான். எம்.எஸ். வேர்டில் டைப் செய்து, எஃப்7 கீயை அழுத்தி, பிழை எதுவும் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக இமெயிலில் அனுப்பி விடுகிறோம். ஆனால் ஸ்பெல் செக் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுத் தப்பிக்கும் பிழைகளும் உண்டு. அவற்றில் முக்கியமானது, ஒரு செயல் எப்படி நடந்தது என்று சொல்லும் வினையடை. ஆங்கிலத்தில் இதை அட்வெர்ப் என்பார்கள்.

'நான் கடினமாக உழைக்கிறேன்' என்று சொல்ல நினைத்து, 'ஐ ஹார்ட்லி வொர்க்' என்று எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு என்ன பொருள் தெரியுமா? 'நான் வேலையே செய்வதில்லை' என்பதுதான்! வேலை கேட்டுப் போகும் கடிதத்தில் இந்த வரி இருந்தால் படிப்பவர் என்ன நினைப்பார்?

வேர்டு ஏன் இதைக் காட்டிக் கொடுப்பதில்லை? ஸ்பெல் செக் ஒவ்வொரு சொல்லையும் தன்னிடம் உள்ள அகராதியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. 'ஹார்ட்லி' அகராதியில் உள்ள சொல்தான். எனவே சிவப்புக் கோடு விழாது. வாக்கியத்தில் இலக்கணப் பிழையும் இல்லை. உங்கள் மனதில் இருந்தது வேறு என்பது சாப்ட்வேருக்குத் தெரியாது. ஆகவே நாம்தான் கவனிக்க வேண்டும்.

இதற்குத் தமிழிலேயே ஓர் எளிய வழி இருக்கிறது. 'கவனமான மாணவர்' என்பதில் 'ஆன' வருகிறது. 'கவனமாகப் படித்தார்' என்பதில் 'ஆக' வருகிறது. 'ஆன' வரும் இடத்தில் 'கேர்ஃபுல்', 'ஆக' வரும் இடத்தில் 'கேர்ஃபுலி'. பெரும்பாலான சொற்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். வராத இடங்களை மட்டும் நினைவில் வையுங்கள்.

1. 'ஃபாஸ்ட்' எப்போதும் 'ஃபாஸ்ட்'தான். 'ஃபாஸ்ட்லி' என்று எழுதக் கூடாது. 'குட்' என்பதற்கு வினையடை 'வெல்'. 'ஷீ டைப்ஸ் குட்' அல்ல, 'ஷீ டைப்ஸ் வெல்'.

2. 'லி' சேர்த்தால் பொருளே மாறிவிடும் சொற்கள் உண்டு. 'ஹார்ட்' கடினமாக, 'ஹார்ட்லி' அநேகமாக இல்லை. 'லேட்' தாமதமாக, 'லேட்லி' அண்மைக் காலமாக. 'நியர்' அருகில், 'நியர்லி' ஏறக்குறைய.

3. 'லி' என்று முடிவதெல்லாம் வினையடை அல்ல. 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி' இரண்டும் பெயரடைகள். 'நட்பாகப் பேசினார்' என்பதை 'ஹி ஸ்போக் இன் எ ஃப்ரெண்ட்லி வே' என்று எழுதுங்கள்.

4. 'படம் தெளிவாகத் தெரிகிறது' என்பதில் 'ஆக' வருகிறது. ஆனாலும் ஆங்கிலத்தில் 'த பிக்சர் லுக்ஸ் கிளியர்'தான், 'கிளியர்லி' அல்ல. படம் எதையும் செய்யவில்லை. அது எப்படி இருக்கிறது என்றுதான் சொல்கிறோம். இப்படிப் பொருள்படும்போது லுக், ஃபீல், டேஸ்ட், ஸ்மெல், சவுண்ட் ஆகியவற்றுக்குப் பின்னால் 'லி' சேர்க்காதீர்கள்.

5. தமிழில் வினையடை வினைக்கு முன்னால் வரும். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் அதை நுழைக்காதீர்கள். 'ஐ ரெட் கேர்ஃபுலி த லெட்டர்' தவறு; 'ஐ ரெட் த லெட்டர் கேர்ஃபுலி' சரி.

இனி கம்ப்யூட்டரின் உதவியைப் பார்ப்போம். வேர்டு 2010 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பு என்றால், ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று ப்ரூஃபிங் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். அங்கே டைப் செய்யும்போதே இலக்கணப் பிழைகளைக் காட்டும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். இலக்கணப் பிழைக்கு வேர்டு 2010 வரை பச்சைக் கோடு விழும். 2013 பதிப்பிலிருந்து அது நீலமாகிவிட்டது. 'டைப்ஸ் குட்' போன்றவை இதில் சிக்கக்கூடும், 'ஹார்ட்லி' சிக்காது.

அதற்கு ஃபைண்ட் வசதியைப் பயன்படுத்தலாம். கண்ட்ரோல் + ஹெச் அழுத்துங்கள். வரும் டயலாக் பாக்ஸில் ஃபைண்ட் டேபைத் தேர்ந்தெடுத்து, மோர் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். மேட்ச் சஃபிக்ஸ் என்பதில் டிக் செய்துவிட்டு, தேடும் கட்டத்தில் எல், ஒய் ஆகிய இரண்டு எழுத்துகளை மட்டும் டைப் செய்யுங்கள். ஃபைண்ட் நெக்ஸ்ட் அழுத்த அழுத்த, 'லி' என்று முடியும் சொற்கள் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றிலும் நின்று, அந்த வாக்கியத்தின் பொருளைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தவறு தானே தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. ரீப்ளேஸ் ஆல் கொடுத்து எல்லா 'ஹார்ட்லி'யையும் 'ஹார்ட்' என்று ஒரே நொடியில் மாற்றிவிடாதீர்கள். சரியான இடத்தில் இருக்கும் 'ஹார்ட்லி'யும் சேர்ந்து போய்விடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதுதான் நல்லது. ஒரு பக்கக் கடிதத்திற்கு இந்த வேலை இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். அதன் பிறகு தைரியமாக சென்ட் பட்டனை அழுத்தலாம்.