ஆகாயத்தில் சினிமா, ஆகாயத்தில் செய்தி

சென்ற விடுமுறையில் கட்டுநாயக்காவிலிருந்து சீனக்குடாவுக்கு ஒரு சிறிய செஸ்னா விமானத்தில் வந்தேன். பிரயாணிகள் பத்துப் பேருக்கும் குறைவு. எனக்கு முன்னிருந்த ஆசனத்தில் ஒரு தகப்பனாரும் அவருடைய மகனும். கட்டாரில் தொழில் பார்க்கும் குடும்பம் என்பது பேச்சிலே தெரிந்தது. விமானம் எழும்பிச் சிறிது நேரத்தில் பையன் கேட்டான்: "அப்பா, இந்தப் பிளேனில படம் இல்லையா?"

தகப்பனார் ஜன்னலைக் காட்டினார். கீழே கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு ஒரு கோடாகத் தெரிந்தது. அதற்கப்பால் தம்பலகாமத்து வயல்கள். பையன் அரை நிமிடம் பார்த்துவிட்டு மறுபடியும் தகப்பனாரின் கைபேசியைக் கேட்டான்.

அவன்மீது குற்றமில்லை. பெரிய விமானத்தில் ஆசனத்துக்கு ஒரு திரையென்று பழகியவன் அவன். வானத்திலே படம் காட்டும் வழக்கமோ அவனுடைய பாட்டனாரின் காலத்துக்கும் முற்பட்டது. 1925 ஏப்ரலில் இம்பீரியல் எயர்வேஸ் நிறுவனம் இலண்டன் பக்கம் பறந்த தனது விமானமொன்றில் 'த லொஸ்ட் வேர்ள்ட்' என்னும் பேசாப் படத்தைக் காட்டியது. அக்காலப் படச்சுருள் சுலபத்தில் தீப்பற்றக் கூடியது. மரத்தாலும் துணியாலும் ஆன விமானத்தில் அதை ஓட்டியவர்களின் துணிவை மெச்சுவதா, கடிந்துகொள்வதா? அமெரிக்காவின் ரி.டபிள்யூ.ஏ. நிறுவனம் 1961 இல் ஒழுங்கான படக்காட்சிகளைத் தொடங்கிற்று. பின்னர் காதில் மாட்டக் கொடுத்தது வைத்தியரின் நாடிக்குழாய் போன்ற வெறும் குழாய்தான். 1988 இல் ஆசனத்தின் முதுகில் சின்னஞ்சிறு திரைகள் பரீட்சார்த்தமாக வந்தன; பின்னர் அவை பெருகின.

இவ்வின்பத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 1998 செப்டெம்பர் 2 ஆம் திகதி சுவிஸ் எயர் 111 ஆம் இலக்க விமானம் கனடாவுக்கு அருகே கடலில் வீழ்ந்து 229 பேர் மாண்டனர். மின்கம்பியில் எழுந்த பொறியால் தீ மூண்டிருக்க வேண்டும் என்றும், பொழுதுபோக்குச் சாதனங்களுக்கென இழுத்திருந்த கம்பியொன்றும் அதில் சம்பந்தப்பட்டிருந்தது என்றும் விசாரணையாளர் கண்டனர்.

திரையும் கம்பியும் பாரம். பாரம் கூடினால் எரிபொருளும் கூடும். 2017 இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் தனது புதிய போயிங் 737 மக்ஸ் விமானங்களில் ஆசனத் திரைகளே வேண்டாமென்று தீர்மானித்தது. பிரயாணி தன் கைபேசியிலேயே படம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. எல்லா நிறுவனங்களும் இதை ஏற்கவில்லை. நீண்ட பிரயாணத்துக்கு நல்ல திரை வேண்டுமென்பாரும் பலர்.

ஆனால் இன்றைய பிரயாணி படத்தைப் பற்றி விசாரிக்குமுன் "இணைப்பு உண்டா?" என்றே விசாரிக்கிறார். வானிலிருந்து தரைக்கு வரும் ஒரு செய்தியின் பெறுமதியை நம்மூரைப்போல அறிந்த ஊர்கள் சிலவே.

1942 ஏப்ரல் 4 ஆம் திகதி, காலிக்கு அருகேயுள்ள கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினாக் கடல்விமானம் ஒன்று இலங்கைக்குத் தெற்கே யப்பானியக் கப்பற்படையைக் கண்டது. அதன் தலைவர் கனடா நாட்டவரான லெனாட் பேர்ச்சல். கம்பியில்லாத் தந்தியில் செய்தி போய்க்கொண்டிருக்கையிலேயே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது; ஒன்பது பேரில் அறுவர் உயிர் தப்பிச் சிறைப்பட்டனர். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. 8 ஆம் திகதி வேறொரு கட்டலினா மீண்டும் எச்சரித்தது. அன்றிரவே திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து பெரும்பாலான கப்பல்கள் வெளியேறின. 9 ஆம் திகதி காலையில் குண்டுகள் விழுந்தன. சீனக்குடா எண்ணெய்க் குதமொன்று நாட்கணக்கில் எரிந்தது. வெளியேறிய கப்பல்களிலும் 'ஹேர்மிஸ்' தப்பவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.

அதே கொக்கலைக்கு 1943 முதல் 1945 வரை அவுஸ்திரேலியாவின் பேர்த்திலிருந்து குவாண்டாஸ் கடல்விமானங்கள் வந்தன. பிரயாணிகள் மூவருக்கு மேல் இல்லை. எதிரிக்குத் தெரியாதிருக்க வானொலியில் வாய் திறவாமல், நட்சத்திரங்களைப் பார்த்து 27 மணி நேரத்துக்குக் குறையாமல் பறந்தார்கள். ஒரே பிரயாணத்தில் இருமுறை சூரியோதயம் கண்டதற்குப் பிரயாணிகளுக்கு அத்தாட்சிப் பத்திரம் வழங்கினர். அவ்வளவே பொழுதுபோக்கு!

இன்று அந்த மௌனம் அபூர்வமாகி வருகிறது. விமானத்தின் முதுகில் மாட்டின் திமில்போல ஒரு மூடி தெரிந்தால், அதனுள்ளே வானலைவாங்கி இருக்கிறதென்று அறிக. அது பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளை நோக்கிப் பேசும். கேள்வி போய்ப் பதில் திரும்ப அரை வினாடி பிடிக்கும். 2004 இல் போயிங் நிறுவனத்தின் சேவையை லுஃப்தான்சா முதலில் ஏற்றது. வருவாய் போதாமல் 2006 இல் அது மூடப்பட்டது. இப்போது சில நூறு கிலோமீற்றர் உயரத்திலேயே ஆயிரக்கணக்கான சிறு கோள்கள் சுற்றுகின்றன. தூரம் குறைந்ததால் தாமதமும் குறைந்தது. 2024 ஒக்டோபரில் கட்டார் எயர்வேஸ் அத்தகைய ஸ்டார்லிங்க் இணைப்புடன் போயிங் 777 ஒன்றைப் பறக்கவிட்டது. எயர் இந்தியா 2025 ஜனவரி 1 முதல் உள்நாட்டு விமானங்கள் சிலவற்றிலும் வை-ஃபை வழங்கத் தொடங்கியது. 3,000 மீற்றர் உயரத்தைத் தாண்டிய பின்னரே அதைப் பாவிக்கலாம் என்பது இந்திய அரசின் விதி.

இதெல்லாம் வேண்டியதுதானா என்று உப்புவெளியிலுள்ள நண்பர் ஒருவரிடம் கேட்டேன். பல வருஷங்களுக்கு முன் அவர் ரொறன்ரோவிலிருந்து தகப்பனாரைப் பார்க்க ஓடி வந்தவர். விமானம் ஏறிச் சில மணி நேரத்தில் தகப்பனார் காலமானார். துபாயில் இறங்கிக் கைபேசியைத் திறந்த பிறகே அவருக்குத் தெரியும். "எனக்கு மட்டும் ஐயா இன்னும் ஒன்பது மணித்தியாலம் உயிரோட இருந்தார்" என்றார். அந்த மணித்தியாலங்களை அவர் எதற்கும் கொடுக்கமாட்டாராம்.

அவருடைய மருமகள் அப்படிச் சொல்லவில்லை. சென்ற வருஷம் இலண்டனிலிருந்து வருகையில் நடுவானில் அவளுக்கு அம்மம்மாவின் மரணச் செய்தி கிடைத்தது. அந்நியர் நடுவே அழுதாள்; விமானப் பணிப்பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து குந்தியிருந்தாள். அழுகை அடங்கியதும் வீட்டுக்கு ஒரே வரி அனுப்பினாள்: "நான் வரும்வரைக்கும் எடுக்க வேண்டாம்."

எடுக்கவில்லை. மறுநாள் மாலை, அவள் வந்து முகம் பார்த்த பிறகே பிரேதம் படலையைத் தாண்டியது.