நாயகன் பொய் சொல்லட்டும்

நாவலின் பெயர் ‘பொன்னியின் செல்வன்’. ஆனால் அந்தப் பெயருக்கு உரிய அருள்மொழிவர்மரை வந்தியத்தேவன் நேரில் சந்திப்பதே, கதை இலங்கைக்குப் போன பிறகுதான். அதுவரை வாசகரைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போகிறவன் ஓலை சுமக்கும் அந்த வாணர்குலத்து வாலிபன். 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் கல்கி எழுதிய தொடர்கதை. இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் முதலில் அவன் பெயரைத்தான் சொல்வார்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சோழ இளவரசி குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்கிறது. அந்த வந்தியத்தேவர் எப்படிப் பேசுவார், எதற்குச் சிரிப்பார் என்று கல்லா சொல்லும்? அந்த இடத்தைக் கல்கி குறைகளால் நிரப்பினார். துடுக்கு வாய், தேவையில்லாத இடத்தில் மூக்கை நுழைக்கும் குணம், வேளாவேளைக்குப் பசி. கடம்பூர் மாளிகையில் தூங்க இடம் கேட்டு வந்தவன் பெரிய மனிதர்களின் சதியை ஒட்டுக் கேட்கிறான். சக்கரவர்த்தியிடம் ‘அபாயம்’ என்று எச்சரித்துவிட்டு, கோட்டைத் தலைவர் சின்னப் பழுவேட்டரையர் மடக்கியதும் ‘அபயம்’ என்றல்லவா சொன்னேன் என்று சாதிக்கிறான். அந்தப் பொய்யைச் சொன்ன கணத்தில் அவன் நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிடுகிறான். அருள்மொழியிடம் அப்படி ஒரு பொய் இல்லை. அவரை மதிக்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது வரும் கதைகளில் இந்தப் பொய்யைத்தான் காணோம். நாயகிக்குக் கோபம் வந்தால் அது நியாயமான கோபம்; நாயகன் தவறினால் அடுத்த பத்தியிலேயே வருந்திவிடுகிறான். யாராவது கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம், பேனா பிடிக்கும் முன்பே கையைப் பிடித்துக்கொள்கிறது. பாத்திரத்தின் உயரம், ஊர், பிடித்த நிறம் எல்லாவற்றையும் முதலில் அட்டவணை போட்டுக்கொள்ளச் சொல்பவர்களும் உண்டு. நீண்ட நாவலுக்கு அது உதவலாம். ஆனால் அட்டவணையில் ‘அற்பத்தனம்’ என்று ஒரு கட்டம் யாரும் போடுவதில்லை.

வாசகர் கோபித்தால் என்ன ஆகும்? எழுத்தாளர் ஜெயகாந்தனைப் பார்த்தால் போதும். 1966இல் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, விஷயத்தை வெளியே விடாமல் அணைத்துக்கொள்கிறாள் தாய். வாசகர்கள் கொதித்தார்கள். அவர் கதையைத் திரும்பப் பெறவில்லை; அந்தத் தாயை மட்டும் மாற்றிப் பார்த்தார். அவள் வாய்விட்டு அலறி ஊரைக் கூட்டியிருந்தால்? மகளுக்கு வேறொரு வாழ்க்கை. அதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலின் கங்கா. அவளைப் படிக்க வைத்து, சாஸ்திரமும் சட்டமும் பேசி, அவள் மீதே கண் வைக்கும் மாமாவை இன்று எழுதத் துணிவார்களா? துணிந்தாலும், அவர் கெட்டவர் என்று மூன்று இடத்தில் அடிக்கோடு போட்டிருப்பார்கள். ஜெயகாந்தன் அவரைப் பேசவிட்டார். பேசப் பேச அவரே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார். 1972இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

கதை எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்திரிகைக்கு அனுப்பும் முன் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்: உங்கள் நாயகன் தன் லாபத்துக்காகச் சொல்லும் முதல் பொய் எந்தப் பக்கத்தில் வருகிறது? எந்தப் பக்கத்திலும் இல்லையென்றால், தபால் செலவை மிச்சப்படுத்துங்கள்.