ஐந்து சாலை கூடும் வட்டம்

பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கி வரும் பெருஞ்சாலை, ஓசூரைக் கடந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் கிருஷ்ணகிரியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை சேலம் வழியாகக் கன்னியாகுமரி வரை செல்லும்; மற்றையது வேலூர் வழியாகச் சென்னையை அடையும். முன்னது ஸ்ரீநகரில் தொடங்கும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை. பின்னது டில்லியினின்றும் மும்பை வழியாக வரும் 48-ஆம் எண் நெடுஞ்சாலை. இவையன்றி, திருவண்ணாமலை வழியே திண்டிவனம் செல்லும் 77-ஆம் எண் சாலையும், குப்பம் வழியே ஆந்திர நாட்டுட் புகும் 42-ஆம் எண் சாலையும் இவ்வூரையே சார்ந்துள்ளன. இது தற்செயலாக நேர்ந்ததன்று. மைசூர்ப் பீடபூமியினின்று தமிழ்நாட்டுச் சமவெளிக்கு இறங்குவோர்க்கு மலைகள் விட்டுக் கொடுத்த வழிகள் சிலவே. அவ்வழிகள் வந்து கூடும் பாராமகால் நாட்டின் நடுவே கிருஷ்ணகிரி நிற்கின்றது. ஐதரும் திப்புவும் கும்பினியாரும் இந்நாட்டிற்காக ஏன் இவ்வளவு போராடினர் என்பதையும், 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கும்பினியார் இதனைக் கேட்டு வாங்கியதையும், தேசப்படத்தை ஒருமுறை நோக்கினார் எளிதில் உணர்வர்.

அன்று படைகள் நடந்த வழிகளில் இன்று லாரிகள் நடக்கின்றன. தொலைதூரம் செல்லும் வண்டிகள் ஊருக்குப் புறத்தேயுள்ள நாற்கர நெடுஞ்சாலையிலேயே போய்விடுகின்றன. ஆயினும் ஊரின் உள்ளே ‘ஐந்து ரோடு ரவுண்டானா’ எனப்படும் வட்டத்தில் நெருக்கம் தீர்ந்தபாடில்லை. காலையிலும் மாலையிலும் நகரப் பேருந்துகளும், தொழிற்சாலை வண்டிகளும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய ஆட்டோக்களும், கணக்கற்ற இருசக்கர வண்டிகளும் அங்கே வந்து மோதுகின்றன. மாம்பழக் காலமாயின், கூழ்த் தொழிற்சாலைகளுக்குக் காய் ஏற்றிச் செல்லும் வண்டிகளும் இவற்றோடு சேரும். நெருக்கத்தைத் தீர்ப்பதற்கென்றே உண்டாக்கப்பட்ட வட்டம், தானே நெருக்கத்திற்குக் காரணமாவது எங்ஙனம்? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

‘ரவுண்டானா’ என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை மவுண்ட் ரோட்டில் இப்போது அண்ணா சிலை நிற்குமிடத்தை முன்னாளில் ‘ரவுண்ட் டாணா’ என வழங்கினர். டாணா அல்லது தாணா என்பது போலீஸ் நிலையம். அப்பெயரே திரிந்து தமிழ்நாடெங்கும் பரவிற்று என்பர். எல்லைக்கு அப்பால் பெங்களூரிலோ இதனையே ‘சர்க்கிள்’ என்பர். ஓசூரில் இரண்டு சொற்களும் வழங்கும்.

வட்டத்தைச் சுற்றி ஒரே திசையில் வண்டிகளைச் செலுத்தலாம் என்னும் எண்ணத்தை வகுத்துரைத்தவருள் முதன்மையானவர் பாரிஸ் நகரச் சிற்பியாகிய ஏழேன் ஏனார். 1907-இல் அந்நகரத்து எத்துவால் சதுக்கத்தில் அம்முறை நடைமுறைக்கு வந்தது. அதன் நன்மை எளிதில் விளங்கும். நான்கு சாலைகள் குறுக்கிடும் சாதாரண நாற்சந்தியில், ஒரு வண்டியின் வழி மற்றொன்றன் வழியைத் தொடும் இடங்கள் முப்பத்திரண்டு. அங்கே ஒற்றைத்தடமுள்ள வட்டம் ஒன்று அமைத்தால் அவை எட்டாகக் குறையும். ஐந்து சாலைகளானால் பத்து. நேருக்கு நேர் மோதலும் செங்கோணத்து மோதலும் இல்லாதொழிந்து, ஒட்டி உராய்வதே எஞ்சும். ஐக்கிய அமெரிக்க நாடுகளில் 2001-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, சந்திகளை வட்டமாக மாற்றிய இடங்களில் காயம் விளைக்கும் விபத்துக்கள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு குறைந்தன எனக் கண்டது. ஆதலின் வட்டம் என்னும் கருவியைப் பழித்தல் தகாது.

பின் குறை எங்கே உள்ளது? வட்டத்தினுள் சுற்றிக்கொண்டிருப்பவன் ஒருவன்; வெளியினின்று நுழைய வருபவன் மற்றொருவன். இருவருள் யார் நிற்பது? இவ்வொரு வினாவின் விடையிலேயே வட்டத்தின் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கின்றன. உள்ளிருப்பவன் நின்று, வருபவனுக்கு வழிவிடுகிறான் என வைத்துக்கொள்வோம். பார்வைக்கு அது பெருந்தன்மையாகவே தோன்றும். ஆனால் அவன் நின்றவுடன் அவன் பின்னே வந்தவனும் நிற்க வேண்டும். அவன் பின்னே மூன்றாமவன். நின்ற வரிசை வட்டத்தின் வழியே பின்னோக்கி வளர்ந்து, முந்திய சாலையின் வாயை அடைக்கும். அச்சாலை வழியாக வெளியேற எண்ணியவன் வெளியேற முடியாது. அவன் வெளியேறாமையால் அவன் பின்னுள்ளோரும் அசையார். வரிசை இன்னும் பின்னே சென்று, ஈற்றில் வட்டத்தை முழுவதும் சுற்றிவந்து தன் தலையையே தொட்டுவிடும். தன் வாலைத் தானே விழுங்கிய பாம்புபோல, அப்பொழுது ஒவ்வொருவனும் தனக்கு முன்னுள்ளவன் நகர்தற்குக் காத்து நிற்பான். அவ்வரிசையில் முதல்வன் என ஒருவனும் இரான். நான்கு சாலைகளும் வெறிச்சென்று கிடக்கும்போதும் அவற்றுள் புக வழியிராது.

இதற்கு மாறாக, நுழைபவனே நிற்பானாயின், அவன் பின்னே வளரும் வரிசை அவனது சாலையில் மட்டும் நீளும். பிற சாலைகளை அது அடைக்காது. வட்டம் எப்பொழுதும் தன்னைத் தானே காலி செய்துகொண்டிருக்கும். இங்கிலாந்தில் இவ்வுண்மை உணரப்படுமுன் வட்டங்கள் அடிக்கடி பூட்டிக்கொண்டன. சாலை ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த பிராங்க் பிளாக்மோர் என்பார் சோதனைகள் பல நடத்தினார். அதன் பயனாக, வலப்புறமிருந்து வருவோர்க்கு வழிவிட்டே வட்டத்தில் நுழைதல் வேண்டும் என்னும் விதி 1966-இல் அந்நாட்டில் ஏற்பட்டது. கல்லையும் மண்ணையும் பெயர்க்காமலே வட்டங்கள் முன்னிலும் மிகுதியான வண்டிகளை ஏற்றன. பாரிஸ் எத்துவாலிலோ, நுழைபவனுக்கே முதலுரிமை என்னும் பழைய விதி இன்றும் நிற்கிறது. பன்னிரண்டு வீதிகள் கூடும் அவ்விடத்துக் குழப்பம் உலகப் பிரசித்தம்.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. காவலர் முதலியோரால் ஒழுங்கு செய்யப்படாத சந்தியில் வலப்புறத்து வண்டிக்கு வழிவிடுக என 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகள் கூறின. வட்டத்தினுள் இருப்பவர்க்கே முதலுரிமை என 2017-ஆம் ஆண்டு விதிகள் இன்னும் தெளிவுபடுத்தின. ஆனால் வாகன உரிமம் பெற்ற நண்பர் பத்துப்பேரை வாசகர் வினவிப் பார்க்கட்டும்; எத்தனை பேர் சரியான விடை கூறுகின்றனர் என்பதைத் தாமே எண்ணிக்கொள்ளட்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வட்டத்தில் சுற்றும் இவ்வெல்லைப்புறத்தில், மூன்று மொழியினரும் ஐயமின்றி அறிந்த விதி ஒன்றே: பெரிய வண்டிக்கு வழிவிடுவது!

விதி ஒருபுறமிருக்க, அளவும் இன்றியமையாதது. இந்திய சாலைப் பேரவை 1976-இல் வெளியிட்ட நெறிமுறை, நகரத்து வட்டத்தில் ஒரு சாலை வாய்க்கும் அடுத்ததற்கும் இடையே வண்டிகள் தடம் மாறுதற்குக் குறைந்தது 30 மீட்டர் நீளம் வேண்டும் என்கிறது. ஐந்து சாலைகளுக்கு 150 மீட்டர். சாலை வாய் ஒவ்வொன்றுக்கும் 10 மீட்டர் கூட்டினால் சுற்றளவு 200 மீட்டராகும்; குறுக்களவு 64 மீட்டருக்குக் குறையாது. இரு மருங்கும் கடைகள் நெருங்கிய பழைய ஊர் நடுவில் இவ்வளவு இடத்திற்கு எங்கே போவது? மேலும், எல்லாச் சாலைகளிலிருந்தும் மணிக்கு 3000 வண்டிகள் வரையே வட்டம் தாங்கும் என்பதும் அந்நெறிமுறையின் கணக்கு. அக்கணக்கில் ஒரு லாரியோ பேருந்தோ 2.8 மோட்டார்க் காருக்குச் சமம். மாட்டுவண்டி போன்றவை நான்கு முதல் ஆறு கார்களுக்குச் சமம். ஆகவே ஒரு சில பேருந்துகள் வட்டத்தின் வாயிலேயே நின்று ஆளேற்றுமாயின், எஞ்சிய இடம் எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வளவும் சக்கரமுடையோர் பாடு. கால்நடையாக வருவோர் பாடு இதனினும் கடிது. விளக்குள்ள சந்தியில் சிவப்பு விழுந்தால் வண்டிகள் அரை நிமிஷமேனும் நிற்கும். வட்டத்திலோ ஓட்டம் ஓயாது. முதியோரும், குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்மாரும் கையை உயர்த்திக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே இறங்க நேர்கிறது. சாலை வாய்கள் தோறும் நடுவில் ஒரு சிறு மேடை அமைத்தால், அவர்கள் பாதியைக் கடந்து நின்று, பின் மறுபாதியைக் கடக்கலாம். அச்சிறு மேடைகள் நம் வட்டங்களில் அரிது. நடுவில் நீரூற்றுக்கும் சிலைக்கும் எவ்வாறோ இடம் கிடைத்துவிடுகிறது.

மேம்பாலம் கட்டுக என்பாரும் உளர். சென்னை ஜெமினி சந்தியில் 1973-இல் மேம்பாலம் எழுந்தது. கத்திப்பாராவில் நேரு சிலையைச் சுற்றி நெருக்குண்ட வட்டத்தின்மேல் 2008-இல் பெரும் பாலச்சுருள் திறக்கப்பட்டது. அவ்விரண்டும் வேண்டியனவே, ஊரைக் கடந்து செல்வோர் தொகை அங்கே மிகப்பெரிது. ஓசூரிலும் பேருந்து நிலையத்தருகே நெடுஞ்சாலை பாலத்தின்மேல் செல்கிறது. எனினும் பாலத்தின் கீழே, ஊருக்குள் வருவோரும், ஆலையில் முறை மாறி வீடு திரும்புவோரும் முன்போலவே நெருக்குண்கின்றனர். பாலம் கடந்து போகிறவனுக்கு உதவும். வந்து இறங்குகிறவனுக்கு உதவாது. கிருஷ்ணகிரியிலோ கடந்து போகிறவனுக்குப் புறவழி முன்னரே உண்டு. ஐந்து ரோட்டிற்கு வருகிறவன் பெரும்பாலும் அவ்வூருக்கே வருகிறவன். அவனுக்காகக் கோடிக்கணக்கில் பாலம் எழுப்புதல் வீண் செலவே என்பது எம் துணிபு.

முதலில் செய்யத்தக்கவை சிறியன. ஐந்து வாய்களிலும் ‘வழிவிடுக’ என்னும் கோட்டையும் பலகையையும் மூன்று மொழியிலும் எழுதுவித்து, சில மாதங்கள் காவலரை வட்டத்தின் நடுவில் நிறுத்தாமல் அக்கோடுகளின் அருகே நிறுத்துக. பேருந்து நிற்குமிடங்களை வட்டத்தின் வாயினின்று ஐம்பதடியல்ல, ஐம்பது மீட்டரேனும் தள்ளி வைக்க. நடப்பார்க்கு மேற்கூறிய மேடைகளைக் கட்டுக. அதன்பின் ஒரு வாரம் காலையும் மாலையும் வண்டிகளை எண்ணிப் பார்க்க. தொகை மூவாயிரத்தை மீறி நிற்குமாயின், வட்டத்தின் காலம் முடிந்ததெனக் கொண்டு விளக்குகளை நாட்டலாம். எண்ணுவதற்கு அருகேயுள்ள கல்லூரி மாணவர் இருபதுபேர், ஆளுக்கொரு தாளும் பென்சிலும், போதும்.